சீட்டில் வந்த பெல்ட்

அன்புள்ள முப்பிடாதி,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அத்தைக்கு முட்டுவலி தேவலையா? போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

சாலை பஜார் கடையில் அரிசி மூட்டை அடுக்கிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டேன். முதுகெலும்பில் ஸ்குரூ வைத்துச் சரியாக்கிவிட்டார்கள். நடக்கிறேன், பயப்படாதே. ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட் தேவைதானா என்று இந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள். நானும் சம்மதித்தேன். சீட்டுப் போட்டதில் பெல்ட் எனக்கு வந்தது, பக்கத்துக் கட்டில் ராஜையனுக்கு வரவில்லை. அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் கூடு. மூன்று மாதம் இதற்குள்தான். முதுகு அரித்தால் சொறியக்கூட வழியில்லை. ராஜையன் ஜன்னலோரம் உலாத்துகிறார், சிரிப்பு வேறு.

“வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் விட்டுப் போலாம் அண்ணே, கேட்டோ,” என்கிறார் டாக்டர் ஆர்யா, மலையாளம் கலந்த தமிழில். வாக்குக் கொடுத்துவிட்டு எப்படிக் கழற்றுவது?

முன்பக்கம் பித்தான் வைத்த பெரிய சட்டையும், குனியாமல் மாட்டும் செருப்பும் பஸ்ஸில் கொடுத்துவிடு. நீ வரவேண்டாம்.

நேற்று ஆர்யா ஆராய்ச்சிக்கான கேள்விகள் கேட்டார். “குழந்தைய மடியில வச்சுக்க முடியுதா?” குழந்தை ஊரில் இருக்கிறது என்றேன். ‘தெரியாது’ என்று குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. வந்தால் பாப்பாவையும் கூட்டி வா.

அவசரத்தில்,
பகவதிப்பெருமாள்