‘சோ’ போதும் என்றாய்

என் தங்கை மகளுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யார் காதிலும் விழாமல் சொன்னேன், அவ்வளவுதான்.

உங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு மேலாளர் பல் குத்திக்கொண்டே உன் மனுவை எல்லார் முன்னாலும் படித்தானாமே! “என்னம்மா, ஷிஃப்ட் கேக்குறியா, தீர்ப்பு சொல்றியா?” என்று சிரித்து, முகத்தில் எறிந்தானாமே! உன் அம்மா சொன்னதும் எனக்குக் குமட்டியது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

‘குழந்தைக்கு ராத்திரியில் வலிப்பு வருகிறது, சோ, பகல் வேலை தாருங்கள்’ என்றுதான் நீ எழுதியிருந்தாய். ‘ஆகவே’ என்பதற்கு ‘சோ’வெல்லாம் பெட்டிக்கடை இங்கிலீஷ் என்று காறித் துப்பினேன். ஏழாம் வகுப்பிலேயே இங்கிலீஷில் கனவு கண்டவன் நான். மனுவை நானே திருப்பி எழுதி, வரிக்கு வரி ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’, ‘கான்ஸிக்வென்ட்லி’ என்று அடுக்கினேன். அத்தனை பெரிய சொற்களுக்கு நடுவில் வலிப்பு அசிங்கமாகத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டேன். குழந்தையும் அதோடு மனுவிலிருந்து போய்விட்டது.

“மாமா, சோ போதும் மாமா” என்று நீ கெஞ்சினாய். என் நண்பர், இங்கிலீஷ் பேராசிரியர், இதைப் படித்துக் கைதட்டினார் என்றேன். உடனே கையெழுத்துப் போட்டாய்.

மேலாளனை நினைத்தால் குமட்டுகிறது என்றேனே, கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

நீ எழுதிய தாள் என் சட்டைப்பையில்தான் கிடந்தது. கசங்கலை நீவி இத்துடன் வைத்திருக்கிறேன். நாளைக்கே அதைக் கொடு. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

அந்தப் பேராசிரியர் என்று யாரும் இல்லை, பாப்பா. கைதட்டியது நான்தான்.

இப்படிக்கு,
உன் மாமா