சம்பந்தி தள்ளிய கார்

திண்டிவனம்
12-2-1964

அன்பு மகன் வேங்கடேசனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை அம்சாவும் சௌக்கியம். பிலாயில் உன் உடம்பும் இரும்பாலை வேலையும் நன்றாயிருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, என் வாய்க்குத்தான் இன்னும் வைத்தியம் அகப்படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து கோதண்டபாணி என்பவரும் அவர் சம்சாரம் கிளியம்மாளும் மகனோடு அம்சாவைப் பெண் பார்க்க வந்தார்கள், பையன் அரங்கநாதன் அங்கே குமாஸ்தா. பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சொந்த டாக்சி இருக்க பஸ் எதற்கு என்று நான்தான் பிடிவாதமாக நம் பழைய மாரிஸ் காரில் ஏற்றிக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்கு உலக ஞானம் வந்துவிடும், உனக்குத் தெரியாததல்ல. அமெரிக்கா படகு மாதிரி பெரிய கார், காசுள்ளவன் காலை நீட்டிக்கொண்டு போவான், இல்லாதவன் ஓரமாக நின்று புழுதியைத் துடைத்துக்கொள்வான் என்றேன். ரஷ்யா சர்க்கார் பஸ், எல்லாருக்கும் இடமுண்டு, நடுவில் இறங்குகிறேன் என்றால் மட்டும் டிரைவர் காதில் விழாது என்றேன். இங்கிலாந்து மெருகு போகாத பழைய கார், ராணி பின்னால் உட்கார்ந்திருக்க, ஓட்டுவது வேறு ஆள் என்றேன். அப்படியானால் நம் நாடு எந்தக் கார் என்று கோதண்டபாணி மரியாதையாகக் கேட்டார். நம்முடையது டாக்சி, ஏறினவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள், ஆனாலும் வண்டி நிற்காது என்று சொல்லி வாய் மூடவில்லை, விக்கிரவாண்டி தாண்டி வண்டி நின்றுவிட்டது. பெரிய மெக்கானிக் போல பானெட்டைத் திறந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். கிளியம்மாள்தான் உள்ளே இருந்தபடியே, "பெட்ரோல் இருக்குதுங்களா பாருங்க" என்றார். இல்லை.

பங்க் அரை மைலுக்கு அப்பால். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொள்ள, வந்த விருந்தாளிகள் தள்ளினார்கள். கோதண்டபாணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், பையன் சலவைச் சட்டையோடு தோள் கொடுத்தான், அந்த அம்மாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் கை வைத்தார். உலகத்தையே ஓட்டிக் காட்டிய நான் வெட்கத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்ரோல் போட்டு அவர்களை விழுப்புரத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி, இந்தச் சம்பந்தம் போயிற்று என்றேன். உன் அம்மா, எந்தெந்த நாட்டு சர்க்காருக்கோ தீர்ப்புச் சொன்னீர்களே, நம் வீட்டில் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். அம்சா சொன்னாள்:

"டீச்சர் டிரெயினிங் முடிச்சிட்டுத்தான் கல்யாணம் பண்ணிக்குவேம்ப்பா. அதுவரைக்கும் காத்துக்கினு இருக்கறதா இருந்தா அந்த வூடே எனக்குப் போதும். நடு ரோட்டுல கார் தள்ள வுட்டதுக்கு ஒரு வார்த்தை கோவமா பேசலியே அவங்க."

மறுநாளே விழுப்புரம் போய் அப்படியே சொன்னேன். பெண் பேரில் அவர்களுக்கும் பிரியம்தான், ஒரு வருஷம் காத்திருக்கிறோம் என்று கோதண்டபாணி ஒப்புக்கொண்டார். முகூர்த்தத்துக்கு மட்டும் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறோம் என்றார்.

அடுத்த வருஷம் வைகாசிக்கு இப்போதே லீவு சொல்லி வை. மல்லாட்டை ஒரு மூட்டை பார்சலில் போட்டிருக்கிறேன், வந்ததும் பிரித்துக் கடலையை வெயிலில் காய வை. நீ நோய்நொடியின்றி நூறு வயது இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
த. சக்கரபாணி