காலியிடத்தைச் சுற்றி

ஹிலோ, ஹவாய்த் தீவு,
மழை சற்றே விட்ட மத்தியானம்.

அன்புள்ள ராய்டனுக்கு,

உன் மனைவி மோமி எழுதிக்கொள்வது. நானும் போக்கியும் நலம். நாய் என்னைவிட நலம். அதற்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. லாஸ் வேகாஸ் வெயிலில் நீ கருவாடாகாமல் இருக்கிறாயா?

வீட்டுச் சொந்தக்காரர் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார், வேகாஸுக்கே வந்துவிடுகிறாயா இல்லையா என்று நீ ஃபோனில் கேட்கும்போதெல்லாம் நான் மழையைப் பற்றிப் பேசினேன். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் நீ வாடகை, ஏசி என்று நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் வம்பு. பக்கத்து வீட்டு செட்சுகோ ஆன்ட்டி, உன் வீட்டுக்காரன் அங்கே சூதாட்டத்தில் எல்லாத்தையும் விட்டுட்டானாமே என்று துக்கம் விசாரித்தாள். ஹோட்டலில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவர் ஆன்ட்டி, அவரால் தொலைக்க முடிந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர்தான் என்றேன். அவளுக்கு ஏமாற்றம். ஆனாலும் சைமின் நூடுல்ஸ் சூப் கொண்டுவந்தாள், பழையபடி ரெண்டு கிண்ணம். உன்னுடையதையும் நானே சாப்பிட்டேன். என் பேன்ட் அதற்குச் சாட்சி.

திங்கட்கிழமை மலை மேல் என் மானம் கப்பலேறியது. உனக்குத் தெரியும், தொலைநோக்கியிலிருந்து அந்த ஆரஞ்சு லேசர் வானத்துக்குப் போகும்போது, விமானம் எதுவும் குறுக்கே வராமல் வெளியே குளிரில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். வந்தால் கத்த வேண்டும், லேசரை அணைத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் தென்கிழக்கில் ஒரு வெளிச்சம். நகரவில்லை, ஆனால் பெரிதாகிக்கொண்டே வந்தது. நேராக நம்மை நோக்கி வரும் விமானம் அப்படித்தான் தெரியும். நிறுத்து நிறுத்து என்று ரேடியோவில் அலறினேன். நிறுத்தினார்கள். மேகம் விலகியது. அது வியாழன் கிரகம்.

கூட இருந்த கிமோ, ஏன் அக்கா, அதுல எத்தனை பேசஞ்சர், லக்கேஜ் எப்ப வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சிரிக்க முடியாத விஷயம் என்னவென்றால், அந்த வாரம்தான் ஒரு நட்சத்திரம் நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையை மிக நெருங்கிச் சுற்றித் திரும்புகிற வாரம். அடுத்த முறை வரப் பதினாறு வருஷம் ஆகும். அதைப் பல வருஷமாகப் படமெடுத்துவரும் டாக்டர் பெர்ஜஸுக்கு இப்போதே அறுபத்தெட்டு. லேசர் அணைந்தால் படம் மங்கிவிடும்; என் அலறலில் அவருடைய ஒரு படம் பாழ். உள்ளே கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ, நீ எதை நிறுத்தினேன்னு பார்த்துட்டுப் போம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வருஷக்கணக்காக எடுத்த படங்களைச் சேர்த்து ஓடவிட்டார். ராய்டன், நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நம்பு. புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் நம் சூரியனைவிடப் பெரியது, எதையோ சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. அதில் ஒன்று தொலைவில் சோம்பேறியாக வந்து, நெருங்க நெருங்க வெறிபிடித்தாற்போல் பாய்ந்து, சட்டென்று வளைந்து வெளியே போகிறது. அந்த வேகத்தில் ஹிலோவிலிருந்து உன்னிடம் வந்து சேர ஒரு வினாடிகூட ஆகாதாம். விழவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை.

நடுவில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒன்றுமில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. எங்கே உங்க கருந்துளை, காட்டுங்க என்றேன். அதைப் பார்க்க முடியாதும்மா, சுத்துறதுங்களைப் பார்த்துத்தான் அது இருக்குன்னு தெரிஞ்சுக்கறோம், நாற்பது லட்சம் சூரியன் எடை என்றார். இத்தனை நாளும் நான் அந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விமானம் வருகிறதா என்று! சாமி கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்தேன். ஹிலோவில் கொட்டோ கொட்டென்று மழை. வழக்கம்போல் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டு ஓடினேன். பாதியில் நின்றேன். வண்டிக் கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது? உன் டிரக் கப்பலேறி எத்தனை மாசம்! ஆனாலும் நான் ஒருநாள்கூட அங்கே காரை விட்டதில்லை. என் சத்தம் கேட்டு போக்கி ஓடிவந்தது. அதுவும் குறுக்கே வரவில்லை. டிரக் நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. நேற்று செட்சுகோ ஆன்ட்டியைக் கவனித்தேன். கிண்ணங்களோடு அவளும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள்.

நீ இல்லாவிட்டால் எனக்கென்ன, நிம்மதியாகத்தான் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மழையில் அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் சரி என்று சொல்லிவிடு. வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டேன். அந்த ஊர் விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரம் ஒன்றும் தெரியாது என்கிறான் கிமோ. ஆனாலும் வருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஏணியில் ஏறும்போது கவனமாக ஏறு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் விமானத்தில் வந்து இறங்கும் அன்று, உன் வழக்கப்படி கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் சாய்ந்து நிற்காதே. முன்னால் வந்து நில், ராய்டன். என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்.

என்றும் உன்,
மோமி