மைக் திறந்திருந்த ஞாயிறு

கும்மிடிப்பூண்டி,
திங்கள் மாலை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாள் செபமாலையிலும் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழை விட்டுவிட்டது, ஆனால் சிப்காட் ரோடு இன்னும் சேறாகத்தான் கிடக்கிறது. கம்பெனி பஸ் நம் தெருப்பக்கம் வருவதில்லை, மெயின் ரோடு வரை நடந்து போய் ஏறுகிறேன். நீ சொன்ன தைலத்தைத் தேய்த்ததில் முட்டிவலி குறைந்திருக்கிறது. நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ரொட்டியாவது ரெண்டு கடித்துவிட்டுப் படு.

போன் பண்ணும்போதெல்லாம் ஆன்லைன் டிகிரி கிளாஸ் எப்படிப் போகிறது அம்மா என்று கேட்கிறாய், நான் நெட் சரியில்லை, தலைவலி என்று ஏதோ சொல்லி மழுப்பிவிடுகிறேன். அப்பா பக்கத்திலேயே இருப்பார். அதோடு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், ஆஸ்பத்திரியில் வைத்துப் படிக்காதே, அறைக்குப் போய்ப் படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூகவியல் கிளாஸ். அடுப்பில் சோறு, மடியில் பழவேற்காட்டு இறால், காதில் இயர்போன், எப்போதும் போல ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சார் ஒரு கேள்வி கேட்டார், யாரும் வாய் திறக்கவில்லை, எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சேர்ந்த நாளிலிருந்து தொடாத மைக்கை அன்றைக்குத்தான் தைரியமாகத் திறந்து சொன்னேன். சரியாகச் சொன்னீர்கள் அம்மா என்று சார் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. மைக்கை மூட மறந்துவிட்டேன். சோறு பொங்குகிறதே என்று இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் வாருகிற நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், நான் சிரித்த சத்தத்தில் முழித்துக்கொண்டார். தூக்கம் கெட்ட கோபம், பசி வேறு. "இன்னா மேரி, இந்த வயசுல யாருகூடப் பேசி சிரிச்சிக்கினு கீற? ஊட்ல ஒரு ஆளு பசியோட கெடக்கறது தெரியலையா?" என்று கேட்டார். அந்த முதல் பாதிதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் நான் திருப்பிச் சொன்னதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. "எட்டாங்கிளாஸ்ல ஓடிப்போன உனக்குப் படிப்பப் பத்தி இன்னா தெரியும்? நீ சாம்பல் வாரத்தான் லாயக்கு, உன்னக் கட்டிக்கினு வந்து நானும் சாம்பலாப் போனேன்" என்றேன். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை உனக்கு எழுத மாட்டேன். நான் விறுவிறுவென்று வந்து இயர்போனை மாட்டினேன், உள்ளே சார் ஆரோக்கியமேரி அம்மா, ஆரோக்கியமேரி அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், உங்கள் மைக்கை நானே மூடிவிட்டேன், ரொம்ப நேரமாகக் கூப்பிட்டேன் என்றார். பக்கத்தில் எழுதும் இடத்தில் யாரோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னா ஆச்சு என்று அப்பா கேட்டார். எல்லாரும் கேட்டுட்டாங்க என்றேன். எல்லாருன்னா யாரு என்றார். கிளாஸ்ல கீறவங்க எல்லாரும் என்றேன். அவர் லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. அதோடு போகவில்லை சுகி. கிளாசுக்கு வராதவர்களுக்காக எல்லாப் பாடத்தையும் பதிந்து போட்டுவிடுவார்கள் இல்லையா, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கைப்பேசியில் அதைப் போட்டுக் கேட்டேன். அப்பா குரல் எங்கேயோ தூரத்தில் முணுமுணுப்பாகத்தான் வருகிறது. என் குரல்தான் பக்கத்தில், அத்தனை தெளிவாக. யாரோ ஒரு கெட்ட பொம்பளை பேசுகிற மாதிரி இருந்தது. தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள் என்று சாருக்கு எழுதினேன், வெட்டிவிட்டார், மரியாதையாகப் பதிலும் போட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு நான் கிளாஸ் பக்கமே போகவில்லை.

பரீட்சையும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். திருவள்ளூர் கோர்ட் பக்கம் டைப் அடிக்கிற கடையில் வேலை பார்க்கிற பிரேமா என்று ஒரு பெண் என்னோடு படிக்கிறாள், குரூப்பில் என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டாள். "அக்கா, எங்க ஊட்லயும் தினம் இதான் நடக்குது, நாங்க மைக்க மூடிக்கினு சண்ட போடறோம், நீங்க தொறந்து வச்சிக்கினு போட்டீங்க, அவ்ளோதான். மூஞ்சியத் தொங்கப் போடாம வந்து எழுதுங்க" என்றாள். அவள் சொன்னதில் சிரித்தும்விட்டேன், அழுதும்விட்டேன்.

பரீட்சை வீட்டிலேயே கேமரா முன்னால் எழுத வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அப்பா அன்றும் நைட் முடித்து வந்து கட்டிலில் படுத்திருந்தார். நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளாத நாட்கள் அவை, அவரை எழுப்பி வெளியே போ என்று சொல்ல எனக்கு முகமில்லை. கட்டில் தெரியாதபடி உட்கார்ந்துகொண்டால் போகிறது என்று நினைத்தேன். ஆனால் கேமரா வழியாகக் கண்காணிக்கிறவர்கள் லேப்டாப்பைச் சுற்றி அறை முழுவதையும் காட்டச் சொன்னார்கள். ஓதம் ஏறிய சுவர், கொடியில் தொங்கிய துணி, எல்லாம் காட்டினேன். கட்டிலில் யார் என்று கேட்டார்கள். நான் திணறுவதைக் கேட்டு அப்பா எழுந்துவிட்டார். லுங்கியை இறக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "நான் போயிட்றேன் சார், அவங்க நல்லாப் படிப்பாங்க சார், எழுத உடுங்க" என்றார். முகம் தெரியாத யாருக்கோ என் புருஷன் கும்பிடு போட்டதைப் பார்த்துக்கொண்டு நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுதி முடித்துக் கதவைத் திறந்தால், அப்பா எதிர்வீட்டு ஆதிகேசவனுடைய வண்டிமேல் வெயிலில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர்காரர் வந்தபோது சத்தம் போடாதே என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

பாஸ் ஆகிவிட்டேன் சுகி. எல்லாப் பாடத்திலும். அப்பாவிடம் சொன்னதும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழம பகல் டூட்டி கேட்டு வாங்கிக்கினேன், இனிமே ஊட்ல தொந்தரவு இருக்காது, நீ படி" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நேற்று அவர் டூட்டிக்குக் கிளம்பினபோது மனசு கேட்காமல் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே போனேன். பிளாட்பாரத்தில் வைத்து, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அத்தனை பேரு காதுல வுழுந்துடுச்சு, உன் மானம் போச்சு என்றேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு, "அத்தினி பேரு கேட்டதுதான் உனக்குக் கஷ்டமா மேரி? யாரும் கேக்கலனா அது சரியான பேச்சா?" என்று கேட்டார். அந்த வார்த்தையெல்லாம் எனக்குள் எத்தனை வருஷமாகக் கிடந்ததோ என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வண்டி வந்துவிட்டது. தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுதான் ஏறினார். வீட்டுக்கு வந்து கிளாசில் உட்கார்ந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தவர் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டு, இன்னா நடத்துனாங்க இன்னிக்கு என்று கேட்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை, மெதுவான குரலில் பாடம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இதை நீ படித்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த தடவை போன் பண்ணும்போது என் படிப்பைப் பற்றி முதலில் கேட்காதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அவரோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசு, வேலையைப் பற்றிக் கேள், யாரும் அவரிடம் அதைக் கேட்பதில்லை. மருந்து அனுப்புவதாகச் சொன்னாயே, அவர் கால் எரிச்சலுக்கு, அதை மறந்துவிடாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணி போலக் காப்பாராக, உன் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன்.

உன் அம்மா,
தா. ஆரோக்கியமேரி