கருங்கல் ஏத்தங்காய்ப் பொடி

கருங்கல்,
12 ஜூன் 2025

பிரியமுள்ள பிரிஜா,

இங்கே எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பேனா எடுத்தேன், கை ஓடல்ல. நீ மூணு தடவை கூப்பிட்டும் போன் எடுக்கல்லன்னு கோவிக்காதே. நான் பொடி விக்குறதே அந்த ஆன்லைன் கடைக் கம்பெனிக்க ஆப்புலதான். போன்ல பேசினா அவங்களுக்கும் கேட்டுருமோன்னு ஒரு பயம், பேடி. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ. அதனாலதான் போஸ்ட் ஆபீசுல கவர் வாங்கி எழுதுறேன்.

டெல்லியில புதுச் சட்டம் எழுதுற குழு முன்னால வந்து பேசணும்னு மெசேஜ் போட்டிருந்தியே, பேசுறதுக்கு எனக்கு விஷயம் உண்டு. கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்குற ஏத்தன் வாழைக்காய்ப் பொடின்னு தேடினா, நாலு வருஷமா ஆப்புல எனக்க பாக்கெட்டுதான் முதல்ல வரும். பிப்ரவரியில கம்பெனியே சொந்தப் பேர்ல ஒரு பொடி இறக்கிச்சு. எந்த ஊர்ல யாரு வாங்குறா, எந்த மாசம் கூட வாங்குறா, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். இப்ப அவங்க பொடிதான் முதல்ல. எனக்க பொடி எங்கேயோ அடியில கிடக்கு. ஜெனிலாவும் மத்த ஆறு பெண்ணுங்களும் காய் சீவிக் காயப்போடுற வேலை வாரத்துல மூணு நாளாக் குறைஞ்சாச்சு.

நேத்து கம்பெனி மேனேஜர் பெனிட்டோ வந்தார். "பெரிய கம்பெனிகளை அடக்கச் சட்டம் வரப்போகுது மேடம். வந்தா உங்களுக்கு நாங்க செய்யுற டெலிவரியும் விளம்பரமும் நின்னுரும். சட்டம் வேண்டாம்னு ஒரு வீடியோ பேசித் தாங்க" என்றார். சட்டம் வந்தா நான் மூழ்குவேனா, வராட்டா மூழ்குவேனா? நீ வக்கீல். நாகர்கோவில் காலேஜ்ல ஒரே பெஞ்சுல இருந்தவளுக்கு நேரா சொல்லு.

உனக்க
ரெஜிஷா

*

புதுடெல்லி,
21 ஜூன் 2025

ஏட்டி ரெஜிஷா,

உன் கடிதம் வந்தது. சிரிக்கவில்லை. நானும் இப்போது சில விஷயங்களைப் போனில் பேசுவதில்லை.

நேராகவே சொல்கிறேன். பெனிட்டோ சொல்வது முழுப் பொய் இல்லை. சட்டத்தைச் சரியாக எழுதாவிட்டால், கம்பெனி தன் சிரமத்தையெல்லாம் உங்கள் தலையில் இறக்கிவிடும். அதனால்தான் விற்பவர்கள் சொல்வதைக் கேட்காமல் எழுதாதீர்கள் என்று அந்தக் குழுவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். சின்ன வியாபாரிகளுக்காக வாதாடும் நாங்கள் கேட்பது இதுதான். சந்தையை நடத்துகிறவன் அதே சந்தையில் தானும் கடை போட்டு, உன் விற்பனையை எட்டிப் பார்த்து, உன் சரக்கை மறைக்கக் கூடாது.

ஜூலை 18 விசாரணை. பெயர் வெளியே வராமல் பேசவும் வழி இருக்கிறது. வருவியா? வராவிட்டாலும் நீ எனக்கு நீதான்.

அன்புடன்
பிரிஜா

*

புதுடெல்லி,
19 ஜூலை 2025

ரெஜிஷா,

பதில் வரும் என்று தினமும் பார்த்தேன். நேற்று விசாரணையில் உன்னையே பார்த்தேன், திரையில். கம்பெனி வக்கீல் வீடியோ போட்டார். பச்சைப் புடவையில் நீ. "இந்த ஆப் இல்லாட்டா நாங்க இல்ல. இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டாம்." கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாய்.

குழுத் தலைவர் என்னிடம், "இந்த அம்மாவுக்கு உங்கள் பதில் என்ன?" என்றார். உன் கடிதம் என் பையில் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் போதும். உன்னைக் கேட்காமல் எப்படி நீட்டுவேன்? பையை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உன்னை என்ன சொல்லிப் பேச வைத்தார்கள்? அடுத்த விசாரணை ஆகஸ்ட் 22. அதற்கு வர வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

பிரிஜா

*

கருங்கல்,
2 ஆகஸ்ட் 2025

எனக்க பிரிஜா,

என்ன சொன்னாங்கன்னு கேட்டே. "உங்க பொடி சாப்பிட்டுக் குழந்தைக்கு வயித்துப்போக்குன்னு ஒரு புகார் வந்திருக்கு மேடம். வீடியோ தந்தீங்கன்னா அதை நான் பாத்துக்கிறேன்" என்றார் பெனிட்டோ. எந்தக் குழந்தை, எந்த ஊர்னுகூட நான் கேக்கல்ல. எழுதித் தந்ததை வாசிச்சேன்.

வீடியோ கொடுத்த மூணாம் நாள் காலையில போனைப் பாத்தா நூத்துப்பன்னிரண்டு ஆர்டர். அதுக்கு முந்தி ஒரு நாளைக்கு எட்டு வந்தா பெரிசு. தேடினா எனக்க பொடி முதல்ல, அவங்களது கீழே. பெண்ணுங்க கேக் வாங்கி வெட்டினாங்க. நான் காய் காயப்போடுற ஷெட்டுக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தேன்.

பொடி மாறல்ல, பாக்கெட் மாறல்ல. எவனோ எங்கேயோ இருந்து ஒரு விரல் வச்சான், ஏறிப்போச்சு. அப்போ இறக்கினதும் அதே விரல்தானே? நாளைக்கும் இறக்குமே! விக்காம கிடந்தப்போ இருந்த பேடியை விட, விக்கும்போது வந்த இந்தப் பேடிதான் பெரிசு.

பெண்ணுங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஜெனிலாவுக்குக் கோவம். "இப்பதானக்கா வேலை வந்திருக்கு, எதுக்குக் கிண்டுதிய?" என்றாள். கத்தியைக் கீழே வச்சாள். பிறகு கேட்டாள்: "அப்போ இத்தனை மாசமும் நாங்க சீவுனது சரியாத்தான் இருந்துதா? ஒழுங்காக் காயல்ல, அதான் விக்கல்லன்னு எங்களைப் போட்டு ஏசினியளே?"

அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன்.

அவளே சொன்னாள்: "போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆனா அவன் கோவத்துல நம்ம கடையை மூடினா எங்களுக்கு என்ன வழின்னும் அந்த ஐயாமாருகிட்ட கேட்டுட்டு வாங்க."

சட்டம் நல்லதா கெட்டதான்னு இப்பவும் எனக்குத் தெரியாது பிரிஜா. 22ஆம் தேதி விசாரணைக்கு வந்து நடந்ததைச் சொல்லுவேன், ஜெனிலா கேட்டதைக் கேப்பேன். அந்த வீடியோவுல பேசுனவ நான்தான்னு என் வாயாலேயே சொல்லணும்.

19ஆம் தேதி நாகர்கோவில்ல வண்டி ஏறுறேன். டெல்லி ஸ்டேஷனுக்கு வா. என்னைக் கண்டதும் ஒண்ணும் கேக்காதே, கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கோ. விட்டா அடுத்த வண்டியிலேயே திரும்பிருவேன்.

உனக்க
ரெஜிஷா