மொட்டைத் தலைக் கதாநாயகி

லாகோஸ்

அன்புள்ள ஒபியாகேலி அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்தப் படக்கதை அலுவலகத்தில், நம் பெண்களின் முடியையும் சடங்குகளையும் சரியாக வரைகிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. இன்று, என்னை மம்மி என்று கூப்பிடும் இளம் ஓவியன் டோபென்னா புதுக் கதாநாயகியைக் காட்டினான். அவள் ஒரு விதவை. கணவன் வீட்டுப் பெண்கள் அவள் தலையை மழிக்கிறார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கற்றை மிச்சமிருக்கிறது. திகைத்துப்போனேன். முகமும் தலையும் என்னுடையவை.

"யாரைக் கேட்டு வரைஞ்சே?"

"எல்லாருக்கும் பின்னல் போட்டா அது பொய்னு நீங்கதானே மம்மி சொன்னீங்க? மழிச்ச கதையும் நீங்க சொன்னதுதான்."

"கதையைச் சொன்னேன். என் மண்டையையுமா கொடுத்தேன்?"

அவன் படத்தைக் கிழிக்கப் போனான். தடுத்துவிட்டேன். ஒரு பிழைதான் பொறுக்கவில்லை: அவள் தலை குனிந்திருந்தாள். நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்தினான்.

கெட்டியான கறுப்பு நூல் அனுப்பு. நம் ஊர் வழக்கப்படி முடியில் கற்றை கற்றையாக நூல் சுற்றிவிட இங்கே ஆளில்லை, நானே முயல்கிறேன்.

அடுத்த மாதம் படம் அச்சுக்குப் போகிறது. என் தலையை மழித்த அன்று பக்கத்தில் இருந்தவள் நீ. மறைக்காமல் உடனே எழுது: நான் குனிந்தேனா?

அவசரத்தில்,
உன் தங்கை
பெலிசியா