உன் பெயரில் வந்த சாமி

ஆச்சி,

இன்று காலை ஆட்டோக்காரர் ஒருவர் செக்காலை வீதியில் என் வீட்டு வாசலில் ஒரு துணிக்கடைப் பையை வைத்துவிட்டுப் போனார். உள்ளே உனக்குப் படைத்த பட்டுப்புடவை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சாம்பிராணி வாசம் இன்னும் அதில் இருக்கிறது. படைத்த புடவையை வீட்டுப் பெண்களில் யாராவது கட்டிக்கொள்வதுதான் வழக்கம். உன் மாமியார் வீட்டில் ஒருத்திக்கும் அதைத் தொடத் துணிச்சல் இல்லையாம். கூடப் பிறந்த தங்கச்சியே வைத்துக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று சொல்கிறேன் கேள், உனக்குச் சிரிப்பு வரும்.

கடைசிக் காலத்தில் உன் உடம்பில் புடவை நிற்கவில்லை. கை ஒரு பக்கம் வீசும், கால் ஒரு பக்கம் உதைக்கும், தோள் தானாகக் குலுங்கும், கொசுவம் அவிழ்ந்துவிடும். அதனால் நைட்டி போட்டுவிட்டேன். எங்கள் வீட்டு மருமகள் நைட்டியோடு நடமாடினால் ஊர் என்ன சொல்லும் என்று உன் மாமியார் ஆள் விட்டுச் சொன்னார். அந்த மகராசிதான் இப்போது கடை கடையாக ஏறி இறங்கி உனக்குப் பட்டு எடுத்தார். செத்தவளுக்குப் பட்டு எடுப்பது சுலபம், கொசுவம் அவிழாது.

அந்த வீட்டின் பெருமை எனக்குத் தெரியாததா? முதல் தடவை உன் கை எகிறியது ஒரு விருந்துப் பந்தியில். நீ பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாய். ஒரு கரண்டிப் பாயசம் பெரிய மனிதர் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. பரிமாறத் தெரியாதவளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்புறம் விருந்தாளி வருகிற நாளெல்லாம் உனக்கு மாடி அறைதான். கட்டில் சட்டத்தோடு உன் மணிக்கட்டைத் துண்டால் கட்டிவைத்தார்கள். வளையல் சத்தம் கீழே கேட்கக்கூடாதாம். சிவப்புத் தடத்தைத் தடவிக்கொண்டே நீ என்னிடம் சொன்னாய்: "என் கைதானடி. சொன்ன பேச்சுக் கேக்கலங்குறதுக்காக அத எங்க கொண்டுபோயி விட?"

அவர்களுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. உன்னைக் கொண்டுவந்து வலையபட்டியில் நம் பிறந்த வீட்டில் என் பொறுப்பில் விட்டார்கள். அத்தான் காரைவிட்டு இறங்கவில்லை. கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும், குணமானதும் கூட்டிக்கொள்கிறேன் என்று கண்ணாடியை அரைவாசி இறக்கிச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி இதற்குமேல் எழுதினால் மைக்குக் கேவலம்.

மதுரையில் டாக்டர் உன்னைப் பார்த்ததைவிட நம் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அப்பாவுக்கு இப்படி இருந்ததா என்றார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பச்சி தெருவில் தள்ளாடியபடி நடந்ததும், சொம்பு கையிலிருந்து தெறித்ததும், குடிகாரச் செட்டியார் என்று ஊர் பெயர் வைத்ததும் ஞாபகம் வந்தன. மோரைத் தவிர எதையும் குடிக்காத மனிதர். இது ஹண்டிங்டன் நோய், மூளையில் வருவது, ரத்தத்தோடு இறங்குவது, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வரலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் நீ அப்பச்சிக்காக அழுதாய். திருப்பத்தூர் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீனாகிட்டச் சொல்லணும்டி. அவ கல்யாணத்துக்கு முந்திச் சொல்லணும்" என்றாய்.

சொல்ல விட்டார்களா? பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த உன் மகள் மீனாவிடம் ஆத்தாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவைத்தார்கள். லீவுக்கு வந்தவளை வலையபட்டிப் பக்கம் அனுப்பினாலும் மாமியார் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். உன் நாக்கும் அதற்குள் குழற ஆரம்பித்துவிட்டது. நான் வாயெடுத்தால் நேரமாச்சு என்று பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போனார். விழுங்க முடியாமல், எலும்பும் தோலுமாக நீ போனாய். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார்கள். பொய் சொல்வதிலும் சோம்பேறிகள்.

போன பிறகுதான் உனக்கு மவுசு வந்தது. தாலியோடு போனவளாம், தெய்வமாம். மீனாவுக்கு வந்த வரன்களெல்லாம் விசாரித்துவிட்டு நழுவ, ஜோசியர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். பெற்றவள் மனம் குளிரவில்லை, படைப்புப் போடுங்கள் என்றாராம். உடனே சுமங்கலியாகப் போனவளுக்குச் செய்கிற படைப்பு உனக்கும் ஏற்பாடானது. விவரம் தெரியாத சென்னை வரன் ஒன்றும் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் பேசி முடிக்க வருகிறார்கள், அதற்குள் உன்னைச் சமாதானப்படுத்திவிட வேண்டும். நோயை விசாரித்து ஓடியவர்களுக்கு நீயா பொறுப்பு? அதை யோசிக்கிற மூளை அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

நேற்றுப் படைப்புக்குப் பிறந்த வீடு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உன் படத்துக்கு முன்னால் புடவை, பால் பணியாரம், கவுனி அரிசி. நீ கஞ்சிக்குத் திணறிய நாளில் அந்த வீட்டிலிருந்து ஒரு டம்ளர் பால் வந்ததில்லை. தீபம் காட்டும்போது உன் நாத்தனாருக்குச் சாமி வந்தது. வேறு யாருமில்லை, நீயேதான் வந்தாயாம். தலையை உருட்டினாள், கையை வீசினாள். உன் மாமியார் கும்பிட்டபடி, வந்துவிட்டாயா தாயே என்று உருகினார். அத்தானும் காலில் விழுந்தார்.

ஆச்சி, அவளுக்கு ஆடக்கூட வரவில்லை. உன் கை ஒரு தடவை போன வழியில் மறு தடவை போகாது. இவள் கை மாவு சலிக்கிற மாதிரி இங்குட்டும் அங்குட்டும் போனது. நடுவில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். நிஜமாக ஆடியவளைக் கட்டிப்போட்டவர்கள் பொய்யாக ஆடுகிறவளைக் கும்பிட்டு நின்றார்கள். மனக்குறை ஒன்றுமில்லை, மகளுக்கு ஒரு குறையும் வராது, கல்யாணத்தை முடியுங்கள் என்று சாமி உத்தரவு கொடுத்தது.

நானும் கைகூப்பிக்கொண்டு முன்னால் போனேன். "ஆச்சி, ஒனக்கு வந்தது என்ன வியாதி? ஒம்மகளுக்குத் தெரியணும். நீயே சொல்லிட்டுப் போ" என்றேன்.

வீசிய கை பாதியில் நின்றது. சாமி உன் மாமியார் முகத்தைப் பார்த்தது. பிறகு தண்ணீர் கேட்டது. குடித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டது.

நல்ல நாளும் அதுவுமாகச் சாமி முன்னால் இது என்ன பேச்சு என்று மாமியார் பாய்ந்தார். சாமியிடம்தான் கேட்டேன், அதற்குத் தெரியவில்லை என்றேன். தாம்பாளத்தோடு நின்ற மீனா, "நரம்புத் தளர்ச்சின்னுதானே சொன்னீக?" என்று தன் அப்பத்தாவைக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பச்சியிலிருந்து. அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். தனக்கும் வருமா என்று கேட்டாள். பாதிக்குப் பாதி, ரத்தம் பார்த்தால் தெரியும், பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம் என்றேன். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னது கொடுமைதான். ஆனாலும் சொன்னேன், ஆச்சி.

உன் படத்தைப் பார்த்துவிட்டு அப்பத்தா பக்கம் திரும்பினாள். அப்புறம் சொன்னாள்: "வெள்ளிக்கெழம அவுக வரட்டும் அப்பத்தா. நானே சொல்றேன். கேட்டப்புறமும் இருக்குறவுக இருக்கட்டும்." உன் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தான் உன் படத்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரால் முடிந்தது அதுதான்.

மீனா அப்போதே என்னோடு வந்துவிட்டாள். சாமி பாதியில் உட்கார்ந்துவிட்டதால் நீ கோபமாகப் போய்விட்டாய் என்று அவர்களுக்குப் பயம், அதுதான் புடவை இங்கே வந்தது. இன்று காலை வாசலிலிருந்து பையை எடுத்து உள்ளே வைத்ததும் மீனாதான். பிறகு இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சென்னைக்காரர்களிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மேசைக்குக் கீழே என் இடது கால் எழும்பி அவள் நாற்காலியை உதைத்தது. நான் உதைக்கவில்லை, ஆச்சி. காலே உதைத்தது. அவள் குனிந்து பார்த்தாள். மறுபடி ஒரு உதை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆனால் காலை நான் உள்ளே இழுத்து மறைக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பயந்து மறைக்கப்போவதும் இல்லை. மீனா என் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சட்னி வைங்க சின்னாத்தா" என்றாள்.